சிறு மாதிரிகளுக்கு நிலம் அமைப்போம்

தோட்டத்து லயன் வீடுகளை நாம் அட்டையால் சிறு மாதிரிகளாகச் செய்கிறோம். அவை நிற்கும் நிலத்தை அமைக்க நம் அடுப்பங்கரைப் பொருள்களே போதும்.

வடிகட்டிய தேயிலைச் சக்கை பால்மரத்தடி மண்ணாகும். உட்சவ்வு நீக்கிக் கழுவி நொறுக்கிய முட்டையோடு கற்பாதையாகும். நறுக்கிய தேங்காய் நார் காய்ந்த லாலாங் புல்லாகும்.

நம் நாட்டுக் காற்றில் ஈரம் மிகுதி. ஈரச் சக்கையில் சில நாள்களிலேயே பூஞ்சணம் படரும். ஆதலால் எல்லாவற்றையும் வெயிலில் நன்கு காயவைத்தல் வேண்டும். பின்னர்ப் பலகையில் தச்சரின் வெள்ளைப் பசையைத் தடவித் தூவுவோம். சோற்றுப் பசை எறும்பை அழைக்கும், அதனைத் தவிர்ப்போம்.

பல தோட்டங்கள் இன்று இல்லை. கோயிலும் ஆயாக் கொட்டகையும் எங்கிருந்தன எனப் பெரியோரைக் கேட்டறிந்து அமைப்போம். நன்கு உலர்ந்த மாதிரி நெடுநாள் நிலைத்து, நம் பாட்டன்மார் வாழ்ந்த இடத்தைத் தம்பி தங்கையர்க்குக் காட்டும்.