பெயர்ந்தோரும் பெயர்க்கப்பட்டோரும்

தன்வினை, பிறவினை, செயப்பாட்டுவினை ஆகியவற்றை விளக்கும்போது, 'பெயர்ந்தான், பெயர்த்தான், பெயர்க்கப்பட்டான்' என்று கரும்பலகையில் எழுதுவது என் வழக்கம். போரினால் ஊரிழந்த மக்களைக் குறிக்க நாம் வழங்கும் 'இடம்பெயர்ந்தோர்' என்னும் சொல் தன்வினையில் அமைந்தது. வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகளும் இடம்பெயர்ந்தவையே. பெயர்த்தவன் யார் என்னும் வினாவுக்கு இச்சொல்லில் இடமில்லை. உதவி செய்ய விழைவோர்க்கு இக்குறை சிறியதன்று.

1990 அக்டோபர் இறுதியில் இலங்கையின் வடமாகாண முஸ்லிம்களுக்கு நேர்ந்ததை எண்ணிப் பார்ப்போம். தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட அம்மக்களை விடுதலைப் புலிகள் தம் கட்டுப்பாட்டுப் பகுதிகளிலிருந்து வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் என்பது பரவலாகக் கூறப்படும் கணக்கு. யாழ்ப்பாணத்தில் அக்டோபர் 30ஆம் நாள் கொடுக்கப்பட்ட கெடு இரண்டு மணி நேரமே. நகையும் பணமும் பறிக்கப்பட்டன. சில நூறு ரூபாயோடு நடந்தனர். மன்னார்ப் பகுதியினர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர்.

முதல் உதவி எந்த நிறுவனத்திலிருந்தும் வரவில்லை. புத்தளம், கற்பிட்டி மக்கள் பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் தம் வீடுகளையும் திறந்துவிட்டனர்; உலை வைத்துச் சோறிட்டனர். முஹாஜிர்களை மதீனத்து அன்சாரிகள் ஏற்ற வரலாறு பலர் நினைவிலும் எழுந்தது இயல்பே. அதன்பின்னரே கீற்றுக் கொட்டில் முகாம்களும் அரசின் உலருணவுப் பங்கீடும் உலக உணவுத் திட்டத்தின் உதவியும் வந்தன. ஆனால் விருந்து ஆண்டுக்கணக்கில் நீண்டபோது கிணற்று நீருக்கும் பள்ளியிடத்துக்கும் வெங்காயத் தோட்டக் கூலிக்கும் போட்டி மூண்டது. முகாமுக்குப் பங்கீட்டு மூட்டை வந்திறங்குவதை வேலிக்கு அப்பால் நின்று பார்த்த உள்ளூர் ஏழையின் மனக்கசப்பை நாம் குறைகூற முடியாது. புகலிடம் தந்தவனும் வறியவனாயிருப்பின் அவனுக்கும் பங்கு வைப்பதே உதவியின் முறை. இது அங்கே காலந்தாழ்ந்தே உணரப்பட்டது.

இனிச் சட்டத்தின் சொல்லைக் காண்போம். 'கதி' என்பது வழி, புகல். அஃதில்லாதவர் அகதி. 1951ஆம் ஆண்டின் ஜெனிவா உடன்படிக்கையோ நாட்டின் எல்லையைக் கடந்தவரையே அகதி என்கிறது. பாக் நீரிணையைக் கடந்து மண்டபத்தில் கரையேறியவர் அகதியாயினர். இந்தியா அவ்வுடன்படிக்கையில் ஒப்பமிடவில்லை எனினும் தமிழக அரசு அவர்களுக்கு உதவித்தொகையும் அரிசியும் அளித்து வந்தது. (2021இல் அவர்களின் முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றமும் செய்தது.) தெற்கே நடந்து புத்தளம் சேர்ந்தவர் அகதியல்லர், தம் நாட்டுக்குள்ளேயே இருந்தனர். அத்தகையோர்க்கென ஐக்கிய நாடுகள் சபையில் வழிகாட்டு நெறிகள் வகுக்கப்பட்டது 1998இல்தான். அவையும் நாடுகளைக் கட்டுப்படுத்தும் சட்டமல்ல. 2009இல் போர் முடிந்தபின் மற்றொரு பாகுபாடு தோன்றியது. இறுதிப் போரில் ஊரிழந்தோர் 'புதியோர்', இவர்களோ 'பழையோர்'. மீள்குடியேற்ற உதவிகள் பெரும்பாலும் புதியோரை நாடியே சென்றன. ஊர் திரும்பிய பழையோர் பலர் தம் வீட்டுமனைகளில் காடு மண்டியிருக்கக் கண்டனர்.

நம் சமுதாயப் பெரியவர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறேன். ஜகாத் பெறத் தகுதியுடைய எண்வகையினருள் ஏழையும் உண்டு, வழிப்போக்கரும் உண்டு. சொந்த ஊரில் பொருளிருந்தும் அதனை அடைய இயலாது இடைவழியில் நிற்பவரே வழிப்போக்கர். யாழ்ப்பாணத்தில் கடையும் வீடும் வைத்திருந்த வணிகர் புத்தளத்தில் அரிசிக்கு வரிசையில் நின்றபோது அவரை ஏழை என்று மட்டும் கருதினால் ஒரு படி அரிசியோடு கடமை தீர்ந்துவிடும். வழிப்போக்கர் என்று கருதினால் அவர் ஊர் போய்ச் சேரும்வரை நம் பொறுப்பு நீளும். அவருடைய வீட்டுப் பத்திரம் என்னவாயிற்று என்று கேட்கத் தோன்றும்.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் சந்திப்பில், அவ்வெளியேற்றம் தவறு என்று அன்ரன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார். அதற்குள் முகாம்களில் பிறந்த குழந்தைகள் பள்ளிக்குச் செல்லத் தொடங்கியிருந்தனர். அம்மக்கள் தமக்கு நேர்ந்ததை இன்றும் 'வெளியேற்றம்' என்றே வழங்குகின்றனர். 'இடப்பெயர்வு' என்பது அலுவலகங்களின் சொல். விடைத்தாளில் 'இடம்பெயர்க்கப்பட்டோர்' என்று எழுதும் மாணவருக்கு நான் மதிப்பெண் குறைப்பதில்லை.