அரக்குத் தட்டில் அடங்கிய குரல்கள்

திருமலையில் தாளப்பாக்கம் அன்னமாச்சாரியாரின் கீர்த்தனங்கள் செப்பேடுகளில் பொறித்து வைக்கப்பட்டிருந்தன. பாடலின் சொற்கள் அவற்றில் உள்ளன. இராகத்தின் பெயரும் உண்டு. ஆனால், 15-ஆம் நூற்றாண்டில் அப்பெரியார் அவற்றை எவ்வாறு பாடினார் என்பதை அச்செப்பேடுகள் சொல்லமாட்டா. ஆகவேதான் ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற அறிஞர்கள் 20-ஆம் நூற்றாண்டில் அவற்றுள் பலவற்றுக்குப் புதிதாக இசையமைக்க நேர்ந்தது. செம்பு சொல்லைக் காத்தது. குரலைக் காக்க அதனால் இயலவில்லை.

குரலைக் காக்கும் வழியை 1877-இல் எடிசன் கண்டார். 1902-இல் கல்கத்தாவில் இசைத்தட்டுப் பதிவு தொடங்கிற்று. அதன் பயனை நம் சித்தூர் மாவட்டத்திலேயே காணலாம். புங்கனூரில் பிறந்த சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை (1898-1975) காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் மாணவர். 1954-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். ஆசிரியர் இசைத்தட்டில் பாட இசையவில்லை. 1934-இல் அவரோடு அவர் குரலும் மறைந்தது. மாணவரோ தட்டுகளில் பாடினார். ஆசிரியரின் பாணியை இன்று நாம் அறிவது மாணவர் வழியாகத்தான். ஒரு தட்டு உடைந்தால் எவ்வளவு உடைகிறது என்பதை எண்ணிப் பாருங்கள்!

இசை மட்டுமன்று, பேச்சும் பதிவாயிற்று. கிரியர்சன் நடத்திய இந்திய மொழியாய்வைச் சார்ந்து, 1913 முதல் 1929 வரை நம் நாட்டு மொழிகளையும் வழக்குகளையும் பேசச் செய்து தட்டுகளில் பதித்தனர். சித்தூர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. அம்மாகாணத்து மொழிகளும் அத்தட்டுகளில் இடம்பெற்றன. அவை பின்னர் எண்முறைக்கு மாற்றப்பட்டமையால், நூறாண்டுக்கு முற்பட்ட பேச்சை நாம் இருந்த இடத்திலிருந்தே கேட்கிறோம்.

இனி, ஒரு நூலகம் இப்பணியைச் செய்யும் முறையைக் காண்போம்.

முதலாவது, தட்டின் இயல்பை அறிதல். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய தட்டு, அரக்குடன் கல்மாவும் கரியும் கலந்து செய்தது. கைதவறினால் ஓடுபோல் உடையும். ஈரத்தில் பூசணம் பிடிக்கும். ஆகவே படுக்கையாக அடுக்காமல், தனித்தனி உறையிலிட்டு நிமிர்த்தி வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, தூய்மை செய்தல். வடித்த நீரும் மென்மையான தூரிகையும் போதும். ஸ்பிரிட்டைத் தொடவே கூடாது. அது அரக்கைக் கரைத்துவிடும்.

மூன்றாவது, ஓட்டுதல். பழைய பெட்டியின் எஃகு ஊசி தட்டைத் தேய்க்கும். எனவே பளு குறைந்த முள்ளையே கொள்ளவேண்டும். பள்ளத்தின் அகலத்துக்கு ஏற்ற முள்ளைத் தேர்வதும் இன்றியமையாதது. பழந்தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. வேகம் பிழைத்தால் சுருதி பிழைக்கும். பாடகரின் குரலே மாறிப்போகும்.

நான்காவது, எண்ணாக மாற்றுதல். காப்பகங்கள் ஒரு விநாடி ஒலியை 96,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 24 பிட்டில் எழுதுகின்றன. மூன்று நிமிடத் தட்டு ஒற்றைத் தடத்தில் ஏறத்தாழ 52 மெகாபைட் ஆகும். இரைச்சலை நீக்காத இந்த மூலப்படியே காப்புப்படி. கேட்போருக்கு இனிமையாகச் செப்பனிடுவது வேறொரு படியில்தான். இரைச்சலோடு பாடகரின் மூச்சையும் நீக்கிவிட்டால் அதை மீட்க முடியாது அல்லவா?

ஐந்தாவது, குறிப்பெழுதுதல். பாடியவர், பாடல், கம்பெனி, தட்டின் எண், ஓட்டிய வேகம், முள்ளின் அளவு ஆகிய அனைத்தையும் பதியவேண்டும். பெயரில்லாத ஒலிக்கோப்பு முகவரியில்லாத கடிதம் போன்றது. படிகளையும் ஓரிடத்தில் மட்டும் வைத்தல் ஆகாது. வெவ்வேறு ஊர்களில் வைத்தல் நன்று. மாற்றிய பின் தட்டை எறிந்துவிடவும் கூடாது. நாளை இதனினும் நல்ல கருவி வரலாம்.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் ஊர் செல்லும்போது பரணில் பழைய தட்டுகள் உள்ளனவா என்று பெரியவர்களைக் கேளுங்கள். தமிழோ தெலுங்கோ, எதுவாயினும் ஓட்டிப் பார்க்க முற்படாதீர்கள், துடைக்கவும் வேண்டா. தட்டின் நடுவிலுள்ள தாளில் எழுதியிருப்பதைப் படியெடுத்து, நூலகத்துக்குத் தெரிவியுங்கள். ஏட்டுச் சுவடிகளுக்கு ஊர் ஊராய் அலைந்த உ. வே. சாமிநாதையர் கறையான் தின்ற ஏடுகளையும் கண்டு வருந்தினார். ஒலிச்சுவடிகளைப் பொறுத்தவரை அவ்வருத்தம் நமக்கு அடுத்துவருவோருக்கு நேராமல் காப்பது நம் கையில் இருக்கிறது.