வடிகட்டியைத் தாண்டும் மருந்து

ஒருவர் விழுங்கும் மாத்திரை முழுவதும் உடலிலேயே தங்கிவிடுவதில்லை. அதன் ஒரு பகுதி சிறுநீருடன் வெளியேறிக் கழிவுநீரில் கலக்கிறது. மீந்துபோன மருந்துகளைக் கழிவறையில் கொட்டுவோரும் உண்டு. சுத்திகரிப்பு நிலையத்தில் வளர்க்கப்படும் நுண்ணுயிர்கள் பாரசிட்டமாலை எளிதில் சிதைத்துவிடும். வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமசெபைன் அப்படியன்று. அதன் பெரும்பகுதி சிதையாமலேயே ஆற்றைச் சென்றடைகிறது.

ஆற்று நீரில் கலக்கும் இவ்வளவு சிறிய அளவு என்ன தீங்கு செய்துவிடும்? கனடாவில் உள்ள ஓர் ஏரியில் 2001 முதல் 2003 வரை ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினர். மாத்திரைகளில் பயன்படும் செயற்கை ஹார்மோன் ஒன்றை அவர்கள் அந்த ஏரியில் கலந்தனர். ஒரு லிட்டர் நீரில் இருந்தது ஏறத்தாழ 5 நானோகிராம்தான். அதாவது, ஒரு கிராமை இருபது கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. ஆயினும், பெண் மீன்களில் முட்டை உருவாவதற்குத் தேவையான புரதம் ஆண் மீன்களின் உடலிலும் மிகுதியாகச் சுரந்தது. அங்கு வாழ்ந்த ஒருவகைச் சிறுமீன் இனம் சில ஆண்டுகளில் ஏறக்குறைய அழிந்தே போனது. ஹார்மோன் கலப்பதை நிறுத்திய பிறகே அது மெல்ல மீண்டது.

இத்தகைய பொருள்களைத் தடுக்க மெல்லிய சவ்வுகள் பயன்படுகின்றன. ஆனால், எல்லாச் சவ்வும் இதற்கு உதவாது. பாக்டீரியாவைத் தடுக்கும் சவ்வின் துளை ஏறத்தாழ 10 நானோமீட்டர் அகலம் கொண்டது. மருந்து மூலக்கூறோ ஏறக்குறைய 1 நானோமீட்டர் அளவுதான். மீன்வலையை வீசிக் கொசுவைப் பிடிக்க முடியுமா?

சிங்கப்பூரில் 2003 முதல் தயாரிக்கப்படும் புதுநீர், இதைவிட மிக நெருக்கமான சவ்வின் வழியே உயர் அழுத்தத்தில் செலுத்தப்படுகிறது. இதனை எதிர்ச் சவ்வூடு பரவல் என்பர். பெரும்பாலான மருந்துகளை இது தடுத்துவிடும். எனினும், இதற்கு மின்சாரம் அதிகம் தேவை.

அதனால், துளையைச் சுருக்காமல் சவ்வின் மேற்பரப்பை மாற்ற அறிவியலாளர்கள் முயல்கின்றனர். வலி நிவாரணியான டைக்ளோஃபெனாக் நீரில் எதிர்மின்னேற்றம் பெறுகிறது. சவ்வுக்கும் எதிர்மின்னேற்றம் கொடுத்தால், ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று விலக்கும், மருந்தும் பின்வாங்கும். ஆனால், மின்னேற்றமே இல்லாத கார்பமசெபைனிடம் இந்த உத்தி பலிக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. சவ்வு தடுத்த மருந்து அழிந்துவிடுவதில்லை; எஞ்சிய அடர்நீரில் அது அப்படியே இருக்கும். இதற்காகச் சவ்வின்மீது டைட்டேனியம் டை ஆக்சைடைப் பூசிப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சுகின்றனர். அப்போது உருவாகும் வீரியமிக்க துகள்கள் மருந்து மூலக்கூற்றைச் சிதைக்கின்றன. அவை சாதாரண நெகிழிச் சவ்வையும் அரித்துவிடும் என்பதால், பீங்கான் சவ்வே இதற்கு ஏற்றது. தெளிந்த நீரில் இந்த முறை நன்றாகவே வேலை செய்கிறது. உண்மையான கழிவுநீரிலோ கலங்கல் ஒளியை மறைக்கிறது. வழுவழுப்பான பாசிபோன்ற படலம் பூச்சின்மீது படிந்துவிடுகிறது. அந்தப் படலத்தைக் கழுவும்போது பூச்சும் சேர்ந்து உரியாமல் காப்பது எப்படி என்பதே ஆய்வுக்கூடங்களில் இன்று நடக்கும் போராட்டம்.