ஆளாகன பிரிவெனா: அழிவும் பாதுகாப்பும்

மாணவர்களே, பொலன்னறுவைக் காலம் பற்றிய வினாக்களுக்கு விடையளிக்கும்போது பலர் கட்டடங்களின் பெயர்களை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்கின்றனர். ஒரு நிறுவனம் ஏன் தோன்றியது, எவ்வாறு இயங்கியது, ஏன் அழிந்தது என விளக்கினாலே விடை முழுமை பெறும். இதற்கு ஆளாகன பிரிவெனா சிறந்த உதாரணமாகும்.

1. தோற்றம்
இதனை நிறுவியவர் முதலாம் பராக்கிரமபாகு மன்னர் (கி.பி. 1153 - 1186). அரச குடும்பத்தினரின் உடல்கள் தகனம் செய்யப்பட்ட இடத்தில் அமைந்ததால் இப்பெயர் வந்தது. 'ஆளாகன' என்பது தகனம் செய்யும் இடத்தைக் குறிக்கும். பிக்குமார் தங்கிக் கற்ற பெரிய மடாலயம் இது.

2. அமைப்பு
- உயரமான மேடையில் பிக்குமார் ஒன்றுகூடும் பத்தசீமா பாசாதம்.
- லங்காதிலக சிலைமனை. இதன் செங்கற் சுவர்கள் சுமார் 17 மீற்றர் உயரமானவை.
- கிரிவிகாரைத் தூபி.
- பிக்குமாரின் வதிவிடங்கள், குளங்கள்.
- வைத்தியசாலை. இங்கு கல்லாலான மருந்துத் தொட்டியும் சத்திரசிகிச்சைக் கருவிகளும் கிடைத்துள்ளன.

3. அழிவு
கி.பி. 1215 இல் மாகன் படையெடுத்தான். விகாரைகள் சூறையாடப்பட்டதாகச் சூளவம்சம் கூறுகின்றது. எனினும் படையெடுப்பை மட்டும் காரணமாக எழுதுவது போதாது. இராசதானி தம்பதெனியவுக்கு மாறியதும் அரச ஆதரவு குறைந்தது. குளங்களும் கால்வாய்களும் பராமரிப்பின்றிப் போயின, மக்கள் இடம்பெயர்ந்தனர். பராமரிப்போர் இல்லாத கட்டடங்களைக் காடு மூடியது.

4. பாதுகாப்பு
1890 இல் தொல்பொருளியல் திணைக்களம் ஆரம்பிக்கப்பட்டது. அதன் முதல் ஆணையாளர் எச். சி. பி. பெல் பொலன்னறுவையிலும் ஆய்வுகளை நடத்தினார். 1980 இல் மத்திய கலாசார நிதியம் உருவாக்கப்பட்டது. அதன் கலாசார முக்கோணத் திட்டத்தின் கீழ் இப்பிரிவெனா விரிவாக அகழப்பட்டது. 1982 இல் பொலன்னறுவை உலக மரபுரிமைத் தலமாகியது.

லங்காதிலகவின் புத்தர் சிலைக்கு இன்று தலை இல்லை. புதிய தலையொன்றைச் செய்து வைத்தால் என்ன என நீங்கள் கேட்கலாம். அது இன்றைய சிற்பியின் கற்பனையாகவே அமையும். பழைய சான்று அதனுள் மறைந்துவிடும். ஊகம் தொடங்கும் இடத்தில் மீளமைப்பு நிற்க வேண்டும் என 1964 இன் வெனிஸ் சாசனம் வலியுறுத்துகின்றது. ஆகவே பாதுகாத்தல் என்பது புதிதாகக் கட்டுதல் அன்று. எஞ்சியிருப்பதை மேலும் சிதையாமல் காப்பதாகும்.

நினைவிற் கொள்க: புதையல் தேடித் தோண்டுவதும் சுவர்களில் பெயர் கீறுவதும் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி குற்றங்களாகும். ஒருமுறை கிளறப்பட்ட மண்படையை மீண்டும் பழைய ஒழுங்கில் அமைக்க முடியாது. அங்கிருந்த சான்றும் அத்துடன் அழிந்துவிடும்.

பயிற்சி
1. ஆளாகன பிரிவெனா எனும் பெயர் வரக் காரணம் யாது?
2. அங்கு வைத்தியசாலை இருந்தமைக்கான இரு சான்றுகளைத் தருக.
3. அதன் அழிவுக்கான மூன்று காரணங்களை விளக்குக.
4. சிதைந்த சிலைக்குப் புதிய தலை வைப்பது பொருத்தமானதா? உமது கருத்தைக் காரணத்துடன் எழுதுக.