இரண்டு செயின், ஒரே கணக்கு

மோட்டாரின் வேகத்தை நன்றாகக் குறைக்க, நடுவில் ஒரு ஷாஃப்ட் போட்டு இரண்டு செயின் மாட்டுவது பட்டறைகளில் வழக்கம். ஒவ்வொரு செயினிலும், ஓடும் ஸ்ப்ராக்கெட்டின் பல் எண்ணிக்கையை ஓட்டும் ஸ்ப்ராக்கெட்டின் எண்ணிக்கையால் வகுங்கள். இரண்டு விடைகளையும் பெருக்குங்கள். கூட்டிவிடாதீர்கள், சறுக்கல் இங்கேதான்.

மோட்டாரில் 14 பல், நடு ஷாஃப்ட்டில் 42 என்றால் விகிதம் 3. அதே ஷாஃப்ட்டில் பக்கத்தில் உள்ள 15 பல், கடைசி ஷாஃப்ட்டின் 60 பல்லை ஓட்டினால் 4. மொத்தம் 12. மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்றினால் கடைசி ஷாஃப்ட் 120 சுற்றும். வேகம் குறையக் குறைய முறுக்குவிசை ஏறும், உராய்வில் போவது போக. அதனால் கடைசி செயினை கனமானதாகவே வாங்குங்கள். அங்கே சிக்கனம் வேண்டாம்.

செயின் தொய்வை எடுக்கப் போடும் ஐட்லருக்கு எத்தனை பல் இருந்தாலும் விகிதம் மாறாது.

எண்ணத் தொடங்கும் பல்லில் சாக்பீஸ் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கிரீஸ் அப்பிய ஸ்ப்ராக்கெட்டில் ஒன்றிரண்டு தவறுவது சகஜம். சந்தேகமா? மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மோட்டார் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றுங்கள். 12 சுற்றுக்குக் கடைசி ஷாஃப்ட் சரியாக ஒரு சுற்று வர வேண்டும்.