சிறுநீரகத் திசுவை எதைக் கொண்டு வரைவது?

முதலாண்டு மருத்துவ மாணவருக்கும், பாடநூலுக்குப் படம் போடும் ஓவியருக்கும், ஆய்வுக் கட்டுரை எழுதும் நோய்க்குறியியல் மருத்துவருக்கும் ஒரே ஸ்லைடு போதும். ஒரே படம் போதாது. பென்சிலா, டேப்லெட்டா, புகைப்படமா என்று முடிவுசெய்யும் முன், படம் யாருக்கு, எதற்கு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுநீரகப் புறணியை வைத்தே பார்ப்போம்.

படித்துப் புரிந்துகொள்வதற்கு வரைகிறீர்கள் என்றால் என் ஓட்டு பென்சிலுக்கு. ரெக்கார்டு நோட்டில் மாணவர்கள் பயன்படுத்தும் ஹெச் அண்ட் ஈ பென்சில்கள், ஸ்லைடில் ஏறியிருக்கும் சாயங்களின் நிறத்தையே தருகின்றன: ஹெமடாக்ஸிலினின் நீலஊதா உட்கருவுக்கு, ஈயோசினின் இளஞ்சிவப்பு சைட்டோபிளாசத்துக்கு. கண் மேலோட்டமாகத் தாண்டிப்போகும் இடத்தில் கை நின்றாக வேண்டும். அண்மைச் சுருள்குழலை வரையும்போது இது நன்றாகத் தெரியும். அதன் செல்கள் பெரியவை. ஸ்லைடில் இருக்கும் திசுச் சீவலின் கனமோ நான்கைந்து மைக்ரான்தான். அதனால் எல்லாச் செல்லின் உட்கருவும் ஒரே சீவலில் அகப்படுவதில்லை. குழலின் வெட்டுமுகமான ஒரு வட்டத்தில் சில உட்கருக்களே தென்படும். நிறம் அடர்சிவப்பு, நடுத்துளையின் ஓரம் மங்கலாக, தூரிகை முனை போல இருக்கும். சேய்மைச் சுருள்குழலில் செல்கள் சிறியவை. உட்கருக்கள் நெருங்கி வரும், துளை தெளிவாக இருக்கும், நிறம் வெளிறும். செல்லுக்கு ஓர் உட்கரு என்று படித்ததை நம்பி எல்லா வட்டத்திலும் புள்ளி வைத்துக்கொண்டே போனால், இரண்டு குழலும் ஒன்றாகிவிடும். எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். அண்மைக் குழல் நீளமானது, அதிகம் சுருண்டது. ஆகவே புறணியில் அதன் வெட்டுமுகங்களே மிகுதி. இரண்டையும் சரிபாதியாக வரைந்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தவறு.

பென்சிலின் பலவீனம் அளவு விகிதம். அதற்குத் துணை ஸ்லைடுக்குள்ளேயே இருக்கிறது. சிவப்பணுவின் விட்டம் ஏறக்குறைய 7 மைக்ரான். குளோமெருலஸ் சுமார் 200. குறுக்கே இருபத்தைந்துக்கு மேல் சிவப்பணுக்கள் அடங்காத குளோமெருலஸ் வரைந்திருந்தால் அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

விகிதம் துல்லியமாக வேண்டுமென்றால் பழைய வழி கேமரா லூசிடா. வோலஸ்டன் 1806இல் காப்புரிமை பெற்ற கருவி. பின்னாளில் நுண்ணோக்கியோடு இணைக்கப்பட்டது. திசுவும் பென்சில் முனையும் ஒரே பார்வையில் தெரியும், கோட்டின் மேலேயே கோடு போடலாம். இன்று அதைத் தேடி அலைய வேண்டாம். ஸ்லைடைப் படமெடுத்து, டேப்லெட்டில் அதன்மேல் தனி அடுக்கில் வரைந்தால் அதே பலன் கிடைக்கும். ஒரு குறை உண்டு: புகைப்படத்தில் ஒரே குவியத்தளம்தான் இருக்கும். நுண்குவியத் திருகை மெல்லத் திருப்பும்போது மேலும் கீழும் தெரியும் விவரங்கள் அதில் வராது. வரையும்போது ஸ்லைடும் பக்கத்தில் இருக்கட்டும்.

அச்சில் சிறிதாகவும் சுவரொட்டியில் பெரிதாகவும் போக வேண்டிய விளக்கப்படத்துக்கு வெக்டர் மென்பொருள் சிறந்தது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது. ஆனால் ஒரு செல்லை வரைந்து நூறு பிரதி ஒட்டும் ஆசையை அடக்க வேண்டும். உயிருள்ள திசுவில் அச்சடித்தாற்போல் ஒரே மாதிரி உட்கருக்கள் கிடையாது.

நோயறிக்கைக்கும், நோயாளி பற்றிய ஆய்வுக் கட்டுரைக்கும் நுண்ணோக்கிப் புகைப்படம் மட்டுமே. அங்கே படம் சாட்சி. அதில் ஓவியரின் கை நுழையக் கூடாது. ஆனால் மடிப்பும் கிழிசலும் சாயக்கறையும் சேர்ந்தே பதிவாகும் அந்தப் படத்தில் எதைப் பார்ப்பது என்று புதியவருக்குத் தெரியாது. டி ஃபியோரேயின் திசுவியல் அட்லஸ் ஓவியத்தையும் புகைப்படத்தையும் சேர்த்தே தருவது அதனால்தான். பாடநூல் செய்பவர்களுக்கு நான் சொல்லும் வழியும் அதுதான்.

செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் படங்கள்? திசுவுக்கு வேண்டவே வேண்டாம். 2024 பிப்ரவரியில் ஓர் அறிவியல் இதழ், அப்படி உருவாக்கிய பொருளற்ற எலிப் படத்தை வெளியிட்டு, அந்தக் கட்டுரையையே திரும்பப் பெற்றது. பார்க்காத ஸ்லைடை யாராலும் சரியாக வரைய முடியாது.

பல ஸ்லைடுகளில் கண்டதை ஒரே படத்தில் சேர்க்கலாமா? தாராளமாகச் சேர்க்கலாம். 1906இல் நோபல் பரிசு பெற்ற ரமோன் இ கஹால், பல சீவல்களில் கண்ட நரம்புச் செல்களை ஒன்றுசேர்த்து வரைந்த படங்கள் இன்றும் பாடங்களில் இருக்கின்றன. சேர்த்து வரைந்ததை ஒரே ஸ்லைடிலிருந்து வந்ததாகக் காட்டுவதுதான் குற்றம்.

எதைக் கொண்டு வரைந்தாலும், படத்தின் கீழே உறுப்பு, சாயம், ஒரே ஸ்லைடா தொகுத்ததா என்ற மூன்றையும் எழுதுங்கள். ‘400 மடங்கு’ என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள்; அச்சில் படம் சுருங்கியதும் அந்த எண் பொய்யாகிவிடும். மைக்ரான் குறித்த அளவுகோட்டைப் படத்துக்குள்ளேயே வரைந்துவிடுங்கள். படம் சுருங்கினால் அதுவும் சேர்ந்தே சுருங்கும்.