கரியடுப்பில் காற்றுதான் திருகு

சீனப் புத்தாண்டு நெருங்கினால் சைனாடவுனின் நியூ பிரிட்ஜ் ரோட்டில் 'பக்வா' வாங்க நீண்ட வரிசை நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சர்க்கரை சேர்த்த மெல்லிய பன்றி இறைச்சித் துண்டுகளைக் கரித்தணலில் வாட்டுவதே பக்வா. எரிவாயு அடுப்பில் திருகு இருக்கிறது. கரியில் சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் எப்படி?

கரி எரிய ஆக்சிஜன் வேண்டும். விசிறினால் தணல் சிவக்கும். காற்று வரும் வழியைச் சுருக்கினாலோ சாம்பல் மூடினாலோ தணியும். தணலின் வெப்பம் பெரும்பாலும் கதிர்வீச்சாக மேலே வருவதால், கம்பித்தட்டை உயர்த்தினாலும் சூடு குறையும்.

இதில் ஏன் இவ்வளவு கவனம்? இறைச்சியின் மேற்பரப்பு சுமார் 140 டிகிரி செல்சியசை எட்டும்போது அமினோ அமிலங்களும் சர்க்கரையும் விரைவாக வினைபுரிந்து பழுப்பு நிறமும் மணமும் தரும். இது மெய்லார்ட் வினை. சூடு இன்னும் ஏறினால் சர்க்கரை கருகிக் கசக்கும். பக்வாவில் சர்க்கரை அதிகம் என்பதால் துண்டை அடிக்கடி புரட்ட வேண்டும், கருகிய ஓரத்தைக் கத்தரிக்கோலால் நறுக்க வேண்டும். (அந்தக் கருகலை விரும்பித் தின்பவர்களும் உண்டு!)

மூடிய புகையடுப்பில் தணல் கண்ணில் படாது. அங்கே வெப்பமானி தேவை. அதன் முனை இறைச்சிக்கு அருகில் இருக்க வேண்டும். மூடியில் இருக்கும் மானி காட்டுவது மூடியருகிலுள்ள சூட்டைத்தான்.

ஒன்று முக்கியம்: காற்று குறைந்தால் கரி முழுமையாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு அதிகம் வெளியாகும். நிறமோ மணமோ இல்லாத நச்சு வாயு அது. வீட்டுக்குள் கரியடுப்பு மூட்டாதீர்கள்.